தேத்தண்ணி என்றொரு குதிரை

மச்சாள்,

இன்று காலை தீவனச் சாக்கு ஒன்றைப் பிரித்தேன். நூலை இழுத்தவுடன் பனங்கட்டி வாசனை முகத்தில் அடித்தது. ஓட்சிலும் சோளத்திலும் ஒரு கறுத்த பாகை ஊற்றிக் கலந்திருப்பார்கள், அதன் வாசனை. நீ வருவதற்கு முன்பே எத்தனையோ சாக்குகளை நான் பிரித்திருக்கிறேன். இது எங்கேயோ முகர்ந்த வாசனை என்று ஒவ்வொரு முறையும் மனதில் தட்டும். என்னவென்று பிடிபடாது. நீ வந்த முதல் நாள், இன்னும் உள்ளே கால் வைக்காமல், கதவடியில் நின்று, "இஞ்ச ஆரடி பனங்கட்டி காய்ச்சிறது?" என்று கேட்டாய். அவ்வளவுதான். அத்தனை நாளாக என் நாக்கு நுனியில் நின்ற சொல்லை நீ வந்து இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொண்டாய்.

நீ போய் இரண்டு மாதமாகிறது. சாக்கைப் பிரித்தேன், உன் நினைவு வந்தது, கண் கலங்கியது என்று எழுதினால் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு முதலில் வந்தது எரிச்சல். செத்துப்போன பிள்ளையோடு என்ன எரிச்சல் என்று அம்மா கேட்பாள். அதனால் அம்மாவுக்குச் சொல்லாமல் உனக்கே எழுதுகிறேன்.

பாதிக் கதை உனக்குத் தெரியும். மற்றப் பாதியை நான் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

எண்பத்து மூன்று முடியும்போது நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தோம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த அப்பா, ஸ்காபரோவில் ஆறு மாதம் வேலை தேடி அலைந்து, கடைசியில் ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் குதிரை வாங்கி விற்கிற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். பெயின்ற் குதிரை என்று யாரோ சொன்னதைக் கேட்டு முதல் நாள் கிழிந்த உடுப்போடு போனார். "குதிரைக்கு ஏன் பெயின்ற் அடிக்கினம் எண்டு எனக்கு விளங்கேல்லை. வேலை வேலைதானே எண்டு போனன்" என்று பின்னேரம் வந்து சொன்னார். அங்கே போனபின்தான் தெரிந்தது, அது பிறவியிலேயே திட்டுத் திட்டாக நிறம் கொண்ட குதிரை இனம் என்று. கறுப்பில் வெள்ளை, பழுப்பில் வெள்ளை, எந்தத் திட்டும் இன்னொன்றைப் போல இராது. அப்பாவுக்குக் கிடைத்தது சாணி அள்ளுகிற வேலை.

சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார். பள்ளிக்கூடத்தில் என்னை வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பேன். வாய் திறக்காது. ரீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இருக்கச் சொல்வா. வகுப்பில் எல்லோரும் நல்ல பிள்ளைகள், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்; அதுதான் இன்னும் வெட்கம். பார்ணில், அந்தக் குதிரைக் கொட்டிலில், அந்தத் தொல்லை இல்லை. குதிரைகள் என்னை வாசிக்கச் சொல்லவில்லை.

பொஸ், அதுதான் அப்பாவின் முதலாளி, இலையுதிர் காலத்தில் ஏலத்துக்குப் போவார். பனிக்காலம் முழுவதும் தீனி போட வசதியில்லாத பண்ணைக்காரர் அப்போதுதான் குதிரைகளைக் கொண்டுவந்து தள்ளுவார்கள். அவர் திட்டுகளைப் பார்த்து வாங்குவார், தேற்றி எடுப்பார், வசந்தத்தில் விற்பார். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் மகளுக்குக் குதிரை தேடுகிற தாய் தகப்பன். ஒரே வயது, ஒரே குணம், ஒன்று வெறும் பழுப்பு, மற்றது திட்டுள்ளது என்றால் மகள் திட்டுள்ளதன் கழுத்தைத்தான் கட்டிக்கொள்வாள். பொஸ்ஸின் வியாபாரம் முழுவதும் அந்தக் கட்டிப்பிடிப்பில் நடந்தது.

எண்பத்தைந்தில் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். ஒன்றரை வயது. விலா எலும்பு தெரிந்தது, பிடரி முழுக்க மயிரில் ஒட்டிப்பிடித்த முள்ளுக்காய். பழுப்பு உடம்பில் தோளிலிருந்து வயிறு வரை வெள்ளை வழிந்திருந்தது. அந்த முள்ளுக்காய்களை எடுக்க எனக்கு மூன்று சனிக்கிழமை பிடித்தது. மூன்றாவது சனி அது தலையை என் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றது. பதினாறு வயது முடிந்ததும் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடம் விளங்கவில்லை என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் வாரத்தில் ஒரு நாள் எனக்குப் போதவில்லை.

அதை ஒருநாள் விற்பார்கள் என்று தெரியும். அழுவதற்கு நான் சின்னப்பிள்ளை இல்லை, அங்கே எல்லாமே விற்பதற்குத்தான் நின்றன. எனக்கு வேண்டியிருந்தது வேறு. பொஸ்ஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாங்குகிறவர்கள் வந்தால் அவர் கிட்டப் போகமாட்டார். வேலியோடு சாய்ந்து கோப்பி குடிப்பார். முதலாளி பக்கத்தில் நின்றால் சனம் விலையைத்தான் பார்க்கும், கயிற்றைப் பிடித்திருக்கிற ஆளைப் பார்த்தால் குதிரையைப் பார்க்கும் என்பார். ஆகவே கயிறு யார் கையிலோ, அவர்தான் குதிரையைப் பற்றிக் கதைக்க வேண்டும், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அப்பா பிடித்த நாட்களில் "யெஸ் சேர், குட் சேர்" என்பதோடு கதை முடியும். ஆனாலும் கடைசியில் கயிற்றை வாங்குகிறவர் கையில் கொடுக்கும்போது அவர்கள் அப்பாவுக்குக் கைகொடுப்பார்கள். அந்தக் குட்டி விற்கிற நாளில் கயிறு என் கையில் இருக்க வேண்டும். நான் வளர்த்தது என்று நாலு பேர் முன்னால் தெரிய வேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

பிறகு நீ வந்தாய்.

மாமா உன்னை ஜேர்மனி வழியாகத் தனியே அனுப்பியிருந்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவள். என் கட்டிலில் பாதி உனக்கு, என் ஜக்கெற் உனக்கு, அம்மாவின் பொரியலில் முறுகின துண்டு உனக்கு. "தாயில்லாப் பிள்ளை, பாவம்" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வாள். தாய் இருந்தது என் குற்றமாகிவிட்டது. இரண்டாவது கிழமையே அப்பா உன்னையும் பார்ணுக்குக் கூட்டிவந்தார்.

அந்தக் குட்டி நின்ற அறையை எட்டிப் பார்த்தாய்.

"உதென்னடி நிறம்? பாலை ஊத்திப்போட்டுக் கலக்க மறந்த தேத்தண்ணி மாதிரி."

அப்பா சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், பிறகு என்மேல் எனக்கே கோபம் வந்தது.

"உவனுக்கு என்ன பேர்?"

"பேர் இல்லை" என்றேன்.

"ஒரு வருசமாப் பாக்கிறாய், பேர் வைக்கேல்லையோ? அப்ப எப்பிடிக் கூப்பிடுறனீ?"

நான் கூப்பிட்டதில்லை. போய் நிற்பேன், வரும். அதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "தேத்தண்ணி, இஞ்ச வா" என்றாய். காதை முன்னால் விட்டுக்கொண்டு வந்தது. பொஸ்ஸுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. "டெட்டி" என்று அறைக் கதவில் எழுதி மாட்டினார். ஒரு வருடம் முள்ளெடுத்தவள் நான். பெயர் வைத்தவள் நீ.

உன் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம். பள்ளிக்கூடம் போன எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் உனக்கு வெட்கம் என்ற ஒன்று இருக்கவே இல்லை. கார்த்திகை மாதம், ஒரு கண் பார்வையில்லாத கிழட்டுப் பெட்டைக் குதிரையைப் பார்க்க ஒரு மனுசன் வந்தார். அப்பாவுக்குக் காய்ச்சல், கயிற்றை நீ பிடித்தாய். அந்தக் கண்ணைப் பற்றி எப்போது சொல்வது என்று பொஸ்ஸே தயங்கிக்கொண்டிருந்தார். நீ எடுத்த எடுப்பில், "மிஸ்டர், வன் ஐ நோ குட். அதர் ஐ வெரி குட்" என்றாய். அந்த மனுசன் விழுந்து விழுந்து சிரித்து, குறையை முதலே சொன்னவளிடம் வேறு என்ன கேட்பது என்று குதிரையை வாங்கிக்கொண்டு போனார். பொஸ் ஒரு கிழமை முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு கயிறு உன்னுடையதாகிவிட்டது. யாரும் அப்படி ஒரு முடிவு எடுக்கவில்லை. அப்பாகூட, "அவள்தான் நல்லாக் கதைக்கிறாள்" என்று விலகிக்கொண்டார்.

என்னிடம் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அதுதான் நீலம்.

வெள்ளைத் திட்டுள்ள குதிரை பனிக்காலம் முழுவதும் சாணியில் படுத்தெழும்பினால் வெள்ளை மஞ்சளாகிவிடும். பொஸ் வாங்கிவைத்திருந்த ஷாம்பூ எதற்கும் அது போகாது. நீ வருவதற்கு முந்திய வசந்தத்தில், அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த உடுப்புக்குப் போடும் நீலத்தில் ஒரு கட்டியை எடுத்து, துணியில் முடிந்து, வாளித் தண்ணீரில் மூன்று முக்கு முக்கி, அந்தத் தண்ணீரை வெள்ளைத் திட்டில் ஊற்றிப் பிறகு நல்ல தண்ணீரால் அலசிவிட்டேன். ஊரில் பள்ளிக்கூடச் சட்டைக்குச் செய்வதுதான். காய்ந்ததும் பொஸ் அந்தக் குதிரையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். என்ன போட்டாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டு, மந்திரத் தண்ணீர் என்று பெயர் வைத்தார். ஒரு வருடம் அது என் இரகசியமாக இருந்தது. சொல்லத் தெரியாததுதான், ஆனாலும் இரகசியம்.

மறு வசந்தத்தில் அவர் உனக்கு முன்னால் மறுபடி கேட்டார். நீ உடனே, "சேர்ட் புளூ. மை கன்றி, ஸ்கூல் சேர்ட்" என்று உன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் காட்டினாய். அவர் உன் தோளில் தட்டினார். நீ என்னைக் கை காட்டி ஏதோ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அதை இவ்வளவு நாளும் ஞாபகம் வைக்காமல் இருந்தேன். நீ என் நீலத்தையும் எடுத்துக்கொண்டாய் என்ற பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

சித்திரையில் தேத்தண்ணிக்கு மூன்று வயது. விட்பியிலிருந்து ஒரு குடும்பம் சனிக்கிழமை பார்க்க வருகிறது என்று பொஸ் சொன்னார். நீ பிடி என்று உன்னிடம் சொன்னார். என்னைப் பார்த்து, நீ கழுவு என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது, காரில் அப்பாவுக்குப் பின்னால் இருந்து நீ என் காதில் சொன்னாய்.

"நாளைக்கு நீ கயிறைப் பிடி. நான் பக்கத்திலை நிண்டு கதைக்கிறன்."

"வேண்டாம்."

"ஏனடி? நீ வளத்த குதிரை. பொஸ்ஸுக்கு நான் சொல்லுறன்."

"வேண்டாம் எண்டு சொல்லுறன்."

"குதிரையோடை மட்டும்தான் கதைப்பாய். குதிரை என்ன, உனக்குச் சம்பளமோ தருது?" என்று என் விலாவில் இடித்தாய்.

நான் ஒன்றரை வருடமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றை நீ ஒரு ரொபி இனிப்பைப் போல நீட்டினாய். நீ நீட்டியதால்தான் எனக்கு அது வேண்டாமல் போனது. பொஸ் தந்திருந்தால் இரண்டு கையாலும் வாங்கியிருப்பேன். நான் கேட்காமலே உனக்கு அது தெரிந்திருந்தது என்பதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை தேத்தண்ணியை உள்ளே நிறுத்திக் கழுவினேன். நீல முடிச்சை மூன்று தரம் முக்கினேன். பிறகு கையை விட்டுவிட்டேன். முடிச்சு வாளிக்குள்ளேயே கிடந்து கரைந்தது. பார்த்துக்கொண்டு நின்றேன். கை தவறிவிட்டது என்று அம்மாவுக்குச் சொன்னேன். உனக்கும் அதையே எழுதத்தான் நினைத்தேன், பேனை எழுதமாட்டேன் என்கிறது. அந்தத் தண்ணீரை வெள்ளை முழுவதும் ஊற்றினேன். அலசவில்லை. பார்ணுக்குள் மஞ்சள் லைற்றின் கீழே அது வெள்ளையாகவே தெரிந்தது. வெயிலில் எப்படித் தெரியும் என்று ஊரில் ஒருதரமாவது நீலம் போட்ட எவளுக்கும் தெரியும். நீலம் கூடின சட்டையோடு பள்ளிக்கூடம் போன பெடியனை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நீ வந்து கயிற்றை எடுத்தாய். "வடிவாக் கழுவியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு வெளியே கூட்டிப்போனாய். நான் கதவடியில் நின்றேன்.

தகப்பன், தாய், பன்னிரண்டு வயது மகள். புதுச் சப்பாத்து போட்டிருந்தாள். தேத்தண்ணி வெயிலுக்குள் காலெடுத்து வைத்தது. தோளிலிருந்து வயிறு வரை இளநீலம். அந்தப் பிள்ளை குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடிக்கப் போனவள் அப்படியே நின்று, அம்மா, இது நீலமாக இருக்கிறது என்றாள். தகப்பன் கிட்ட வந்து உள்ளங்கையால் தேய்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். இந்த வியாபாரத்தில் ஒருவரும் கேட்க விரும்பாத சொல் ஒன்று உண்டு: சாயம். வெறும் பழுப்புக் குதிரைக்குச் சாயமடித்துத் திட்டென்று விற்கிற ஆட்களைப் பற்றி வாங்குகிற எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர் அந்தச் சொல்லைச் சொன்னார்.

நீ பயப்படவில்லை. "நோ, மிஸ்டர். லுக். ஸ்கின் பிங்க்" என்று தண்ணீர் வாளியை எடுத்தாய். நனைத்தால் வெள்ளை மயிருக்கடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரியும், அது பிறவி வெள்ளை என்பதற்கு அதுதான் சாட்சி. பொஸ் காட்டித்தந்தது. நீ அதை மறக்கவில்லை. தண்ணீரை ஊற்றினாய். நீலம் காலோடு வழிந்து, உருகாமல் கிடந்த கடைசிப் பனியில் ஒரு குளம் போலப் பரவியது. அதற்குப் பிறகு தோலை யார் பார்ப்பார்கள்? தாய் மகளின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். கார்க் கதவுகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

பொஸ் கோப்பிக் கோப்பையோடு நடந்து வந்தார். யார் செய்தது என்று மெதுவாகக் கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நீ என்னைப் பார்த்தாய். நீளமாகப் பார்த்தாய். நான் கைகளை ஜக்கெற் பைக்குள் விட்டிருந்தேன். மணிக்கட்டு வரை நீலம். பை விளிம்பிலும் நீலம் பட்டிருந்தது. உனக்குத் தெரிந்தது. நான் கதைப்பேன் என்று காத்திருந்தாய். நான் வெட்கப்படுகிறவள் இல்லையா, எல்லோரும் சொல்வார்களே, அவளுக்கு வாயில்லை என்று. அந்த வாயில்லாமையை அன்று நான் ஒரு போர்வையைப் போல இழுத்து மூடிக்கொண்டேன்.

"மீ" என்றாய் நீ. "மை புளூ. ரூ மச். சொறி."

அப்பார்ட்மென்ற் லிஃப்ற்றுக்குள் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் நின்றபோது சொன்னாய்:

"நீ கதைப்பாய் எண்டு பாத்தன். சரி, விடு. எனக்கு எங்கையும் வேலை கிடைக்கும். உனக்கு?"

மன்னித்திருந்தால் தாங்கியிருப்பேன். அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்த "உனக்கு?" என்ற ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. அது உண்மை என்பதால்.

அடுத்த கிழமை நீ பார்ணுக்கு வரவில்லை. பொஸ் உன்னை நிறுத்திவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். நீயும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி கட்டுகிற வேலை எடுத்து, அங்கேயே ஒரு குடும்பத்தோடு அறை எடுத்துக்கொண்டாய். கட்டில் முழுவதும் எனக்குத் திரும்பக் கிடைத்தது. தேத்தண்ணியை வைகாசியில் ஒரு கிழவனும் கிழவியும் வாங்கினார்கள். அன்றைக்குப் பழக்கத்தை விட்டு பொஸ்ஸே கயிற்றைப் பிடித்தார். எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. ட்ரெயிலரில் ஏற்றும்போது அது ஒருதரம் திரும்பிப் பார்த்தது. என்னைத்தான் பார்த்தது என்று நினைத்துக்கொள்ளலாம். அது வாசலைப் பார்த்தது, மச்சாள். நீ வழக்கமாக வருகிற வாசலை.

மாசி மாதம் உறைமழை பெய்த ஒரு விடியற்காலை, வேலைக்குப் போகிற வான் வண்டியில் நீ இருந்தாய். ஹைவேயில் வான் சறுக்கியது. அதற்குமேல் எழுதமாட்டேன். நான் அன்றைக்கு வாய் திறந்திருந்தால் நீ அந்த வானில் இருந்திருப்பாயா என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொள்கிறேன்.

செத்தவீட்டு மண்டபத்தில் இருக்கப் போதுமான கதிரை இல்லை. வெயார்ஹவுஸ் பெண்கள் வந்திருந்தார்கள், பஞ்சாபிக்காரிகள், ஜமேக்காக்காரிகள், பெயர் தெரியாத ஒரு கிழவி. எல்லோரும் உன்னை வைத்து ஒரு பகிடியாவது சொல்லி அழுதார்கள். உன் இங்கிலீஷை அவர்கள் எல்லோரும் கதைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்பது மாதத்தில் இத்தனை பேரைச் சேர்த்துவிட்டாய், நான் நாலு வருடத்தில் சேர்த்தது ஒரு குதிரை, அதுவும் உன் பெயரோடு போய்விட்டது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெட்டிக்கு முன்னால் நின்று. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பொஸ்ஸும் வந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார்.

போன திங்கட்கிழமை நானும் அவரும் வாளிகளுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தோம். அவர் திடீரென்று, "அதர் ஐ வெரி குட்" என்று உன்னைப் போலவே சொல்லிச் சிரித்து, கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தார். எத்தனை கெட்டிக்காரப் பிள்ளை, அந்த நீல யோசனை ஒன்றே போதும் என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. குற்றவுணர்ச்சி என்று நீ நினைத்துவிடாதே. பொறாமைதான் என் வாயைத் திறந்தது.

"புளூ இஸ் மைன்" என்றேன். "ஐ ஃபவுண்ட் இற். நொற் ஹேர்."

அவர் குழாயை மூடினார். இனி நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரிந்தது. நீலம் என்னுடையது என்றால் அந்தச் சனிக்கிழமையும் என்னுடையதுதானே. பாதியை எடுத்துக்கொண்டு மற்றப் பாதியை உன்னிடம் விட முடியாது. அதையும் சொன்னேன். முடிச்சை விட்டதை, அலசாததை, வேண்டுமென்று செய்ததை. நாலு வருடத்தில் நான் இங்கிலீஷில் கதைத்த ஆக நீளமான கதை அதுதான். போ என்று சொல்வார் என்று காத்து நின்றேன்.

தெரியும் என்றார். உன் கைகளை நான் பார்த்தேனே என்றார்.

அப்படியென்றால் ஏன் அவளை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். நான் நிறுத்தவில்லை என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீ அவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாய். நான் குளியலறைக்குள் நீலம் போகத் தேய்த்துக்கொண்டிருந்த நேரமாக இருக்கும். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்தால் இவள் ஒருநாளும் வாய் திறக்கமாட்டாள், நான் போகிறேன், இவளை வைத்திருங்கள் என்று உன் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாய். அவர் அதையும் உன்னைப் போலவே சொல்லிக் காட்டினார்: "ஷி ஸ்பீக் ஸ்லோ. யூ வெயிற்."

ஒரு வருடமாக வெயிற் பண்ணுகிறேன் என்றார். பிறகு, வருகிற சனிக்கிழமை கறுப்பு வெள்ளைப் பெட்டையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், கயிறு உன்னிடம் என்று சொல்லிவிட்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நன்றி வரவில்லை, மச்சாள். எங்கேயாவது இருந்து நீ கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். உன்னிடமிருந்து ஒரு இடத்தைப் பறித்துவிட்டேன் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் வெட்கம் இருந்தது. ஆனால் உள்ளுக்குள்ளே, யாருக்கும் காட்டாத இடத்தில், ஒரு சின்னத் திமிரும் இருந்தது. கெட்ட வழியிலாவது ஒருதரம் உன்னை முந்தினேன் என்று. அதையும் நீ ஒரு தொலைபேசிக் கதையில் முடித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் பறிக்கவில்லை. நீ விட்டுத் தந்தாய். நான் நிற்கிற இடம் நீ தந்தது, சனிக்கிழமை கயிறு நீ தந்தது, அவர்களோடு கதைக்கப்போகிற கதைகூட, குறையை முதலில் சொல் என்று, நீ தந்தது.

விற்கப்போகிற பெட்டைக்கு முன் வலது கால் கொஞ்சம் கோணல். அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். என் குரல் நடுங்கும். நீ இருந்தால் நடுங்காமல் சொல்லியிருப்பாய் என்று வாங்க வருகிற ஆட்களுக்குத் தெரியாது, பொஸ்ஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த நேரம் நெஞ்சுக்குள்ளே அந்தப் பழைய எரிச்சல் எழும்பும். எழும்பட்டும். நீ தராமல் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு நான் கயிற்றைப் பிடிப்பேன்.